பாரியைக் கொன்னுடுவாங்களா? கடைசிப் பாகத்துக்கு முன்னால் வாசகர்கள் போடும் கணக்கு!

ஷங்கர் 'வேள்பாரி'யைப் படமாக எடுக்கப்போகிறார் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, அந்த நாவலைப் படித்த நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் ஒரே கேள்வியில்தான் பேச்சு வந்து நிற்கிறது. 'ஹீரோ யாரு?' என்பதுகூட இரண்டாவதுதான். முதல் கேள்வி, 'படத்துல பாரியைக் கொன்னுடுவாங்களா?'

கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன். பாரி செத்து ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. பரம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள், பாரி வீழ்ந்தான், அவனுடைய இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கபிலர் விச்சிக்கோன், இருங்கோவேள் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார், அவர்கள் பெண்ணை எடுக்க மறுத்தார்கள், கடைசியில் திருக்கோவிலூர்ப் பக்கம் பெண்ணையாற்றங்கரையில் கபிலர் உயிரை விட்டார். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எல்லாருக்கும் தெரிந்த கதை இது. ஆனாலும் 'கொன்னுடுவாங்களா?' என்று கேட்கிறோம். ஏதோ நாம் கேட்டால் விட்டுவிடுவார்கள் என்பதுபோல!

ஒடுகத்தூரில் உட்கார்ந்துகொண்டு கேட்கும்போது அந்தக் கேள்விக்குக் கனம் கொஞ்சம் கூடுதல். எங்கள் ஊருக்குப் பின்னால் நிற்பது ஜவ்வாது மலை. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மேலே இருக்கும் ஊர்க்காரர்கள் உப்பு, புளிக்கும் இங்கேதான் இறங்கி வரவேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தக் கணக்குப் போடும் பழக்கத்தைப் பார்த்துவிடலாம். (நாவல்களையெல்லாம் இனிமேல்தான் படிக்கப்போகிறேன் என்பவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவது நல்லது. முடிவுகளை உடைக்காமல் இதை எழுத வழியில்லை.)

கடைசிப் புத்தகத்துக்கு முன்னால் ஊகம் சொல்லும் விளையாட்டு உலகம் முழுக்க இருக்கிறது. ஹாரி பாட்டரின் ஆறாவது புத்தகம் 2005-ல் வந்தபோது, அதன் கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு. அடியில் 'ஆர்.ஏ.பி.' என்று மூன்றே எழுத்து. யார் அந்த ஆர்.ஏ.பி. என்று இரண்டு வருஷம் ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ரெகுலஸ் பிளாக்காக இருக்கும் என்று நிறைய பேர் சரியாகவே பிடித்தார்கள். டச்சு மொழி வாசகர்களுக்கு இன்னும் சுலபமாகப் போய்விட்டது. அந்த மொழிபெயர்ப்பில் பிளாக் என்ற குடும்பப் பெயரையும் மாற்றி 'ஸ்வார்ட்ஸ்' என்று வைத்திருந்ததால், சீட்டிலும் கடைசி எழுத்து 'இசட்' ஆகிவிட்டது. அங்கே குட்டு ஒரே நாளில் வெளிப்பட்டது. 2007 ஜூலை 21-ல் ஏழாவது புத்தகம் வந்து எல்லாருடைய விடைத்தாளையும் திருத்திக் கொடுத்துவிட்டது. அதோடு அந்த விளையாட்டு முடிந்தது.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் விஷயம் வேறு. 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையின் முதல் புத்தகம் 1996-ல் வந்தது. ஐந்தாவது 2011 ஜூலையில். ஆறாவதுக்கு இன்னும் காத்திருக்கிறார்கள். ஐந்தாவது வந்த அன்றைக்குப் பிறந்த பிள்ளை இன்று ஹைஸ்கூலில் இருக்கும். இடையில் டிவி தொடர் முந்திக்கொண்டு 2019 மே மாதம் தன் முடிவைச் சொல்லிவிட்டது. பல பேர் கோபப்பட்டார்கள். ஜான் ஸ்னோ யாருடைய பிள்ளை என்பதை முதல் புத்தகம் வந்த சில வருஷங்களிலேயே வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். சில பேர் சரியாக ஊகித்துவிட்டார்கள் என்பதற்காகப் போட்டு வைத்த குறிப்புகளை வீணாக்கிக் கதையை மாற்ற மாட்டேன் என்று மார்ட்டினும் சொல்லியிருக்கிறார். நேர்மையான பதில்தான். ஆனால், எல்லா விடையும் வெளியே உலாவிக்கொண்டிருக்கும்போது கேள்வித்தாளை எழுதி முடிப்பது யாருக்கும் லேசில்லை. புத்தகம் தள்ளிப்போவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் ஊகம். ஊகத்தைப் பற்றி எழுதும்போது நாமும் ஒன்று சொல்லாவிட்டால் எப்படி?

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

பென்சிலில் எழுதிய சந்தேகம்

'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை வந்தது. மூன்றரை வருஷம், ஐந்து பாகம். மணியம் படம் வரைந்தார். வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, சேர்த்து வைத்து, பைண்டு பண்ணி வீட்டில் வைத்துக்கொண்ட தலைமுறை அது. அப்படியொரு பழைய பைண்டு எனக்கு ஒருமுறை கைமாற்றாகக் கிடைத்தது. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. ஐந்தாம் பாகத்தில் பக்க ஓரங்களில் யாரோ பென்சிலால் குறித்துக்கொண்டே போயிருந்தார்கள். 'வ.தே. இல்லை' என்று ஓர் இடத்தில். அடுத்த வாரத்துப் பக்கத்தில் 'ப.வே?' என்று. இன்னும் இரண்டு வாரம் கழித்து 'சம்பு மகனா?' என்று. அதையும் அடித்துவிட்டு மறுபடி 'வ.தே. நிச்சயம் இல்லை'.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கணக்குதான் அது. முகம் தெரியாத அந்த வாசகர் (வாசகியாகவும் இருக்கலாம், கையெழுத்து அவ்வளவு அழகு) யார் கொன்றது என்பதில் நாலு தடவை மாறுகிறார். வந்தியத்தேவன் கொல்லவில்லை என்பதில் மட்டும் ஒருதடவைகூட மாறவில்லை. என்னைக் கேட்டால் கடைசிப் பாகத்து ஊகம் என்பதே இவ்வளவுதான். என்ன நடக்கும் என்று சொல்வதுபோலத் தெரியும். உள்ளே பார்த்தால் இவர் மேல் மட்டும் பழி விழக்கூடாது, இவரை மட்டும் விட்டுவிடுங்கள் என்ற மனு இருக்கும்.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. வருகிறவர்கள் ஆட்டை இடுப்போடு பிடித்துத் தூக்கிப் பார்த்தே எவ்வளவு கறி நிற்கும் என்று சொல்லிவிடுவார்கள். வாங்குகிறவர் சொல்லும் கிலோவும் விற்கிறவர் சொல்லும் கிலோவும் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. இத்தனைக்கும் ஆடு ஒன்றுதான்! 'கரிகாலனைக் கொன்றது யார்?' என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பதிலில் சோழர் வரலாறு கொஞ்சமாகத்தான் இருக்கும். அவர் யாருடைய கட்சி என்பது முழுசாகத் தெரிந்துவிடும்.

அந்தப் பென்சில்காரர் சம்புவரையர் மகன் கந்தமாறன் மேல் சந்தேகப்பட்டதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வலித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நாவலில் அவர்கள் கடம்பூர்க்காரர்கள். வரலாற்றில் சம்புவரையர் என்றதும் நினைவுக்கு வரும் தலைநகரம் படவேடு. ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போனால் மலையடிவாரத்தில் இருக்கிறது. அவர்கள் தனியரசு நடத்தியது கரிகாலனுக்கு முந்நூறு வருஷத்துக்கும் பிந்தி. ஆனாலும் பக்கத்து ஊர்ப் பாசம் விடுமா?

இதில் கல்கி செய்த வேலை பெரிய வேலை. கதைக்கான வரலாறு ரகசியமாக இல்லை. நீலகண்ட சாஸ்திரியின் புத்தகம் இருந்தது. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' தொடர் தொடங்குவதற்கு முந்தின வருஷம்தான் வந்திருந்தது. சுந்தர சோழருக்குப் பிறகு உத்தம சோழன், 985-ல்தான் ராஜராஜன் என்பது லைப்ரரிக்குப் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். ஐந்தாம் பாகத்துக்கு 'தியாக சிகரம்' என்று பெயர் வைத்தபோதே, அருள்மொழி மகுடத்தை விட்டுக்கொடுக்கப்போகிறான் என்பதை அவரே சொல்லிவிட்டார். அப்புறம் ஊகிக்க என்ன மிச்சம்?

மிச்சம் வைத்தார். உத்தம சோழன் என்ற பெயரை வரலாற்றில் இருந்தபடியே விட்டுவிட்டு, அந்தப் பெயருக்குள் இருந்த ஆளை மாற்றினார். பூ கட்டிக்கொண்டு, தேவாரம் பாடிக்கொண்டு ஓரமாக நின்ற சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் சொந்த மகன் என்று கொண்டுவந்து நிறுத்தினார். கல்வெட்டைக் கரைத்துக் குடித்த பேராசிரியரும் அந்த இடத்தில் தோற்றுத்தான் போயிருப்பார். வரலாறு தெரிந்தவரை வரலாற்றை மாற்றாமலே ஏமாற்றிய தந்திரம் அது. அதே நேரம் அது நியாயமான ஆட்டமும்கூட. முதல் பாகத்திலிருந்தே குறிப்புகள் கிடந்தன. திரும்பப் படிக்கும்போதுதான் கண்ணில் படுகின்றன.

கொலை விஷயத்தில் அவர் எடுத்த முடிவு நேர் எதிர். அங்கே விடையே கொடுக்கவில்லை. விளக்கு அணைகிறது, இளவரசன் செத்துக் கிடக்கிறான். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. 'நான்தான் கொன்றேன்' என்கிறாள் மணிமேகலை. பழுவேட்டரையர் தானே செய்ததாகச் சொல்லிவிட்டு உயிரை விடுகிறார். ஒரு கொலைக்கு இத்தனை பேர் உரிமை கொண்டாடுவதை வேறு எந்தக் கதையில் பார்த்தோம்? அத்தனை பேரும் இன்னொருவரைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிய அந்த வாசகர் செய்ததைத்தான் கதைக்குள் இருப்பவர்களும் செய்கிறார்கள்!

கல்வெட்டிலும் பெயர்கள் இல்லாமல் இல்லை. காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் இவர்களையும் உறவினர்களின் நிலத்தையும் சொல்கிறது. உத்தம சோழன் ஆண்ட பதினைந்து வருஷம் சும்மா இருந்துவிட்டு, ராஜராஜன் வந்த பிறகுதான் நடவடிக்கையா, அப்படியானால் உத்தம சோழனுக்கும் இதில் கை உண்டோ என்ற சந்தேகம் நீலகண்ட சாஸ்திரி காலத்திலேயே கிளம்பிவிட்டது. குடவாயில் பாலசுப்ரமணியன் அந்தக் கல்வெட்டை மறுபடி வாசித்து, அதை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது என்று விரிவாக எழுதினார். ஆக, ஆராய்ச்சியாளர்களும் எழுபது வருஷத்துக்கு மேலாகக் கட்சி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாவலாசிரியர்கள் விடுவார்களா? விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று கதையைத் தொடர்ந்தார். காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா' சந்தேகத்தைக் குந்தவை பக்கமே திருப்பிவிட்டது. குந்தவை கட்சிக்காரர்கள் இன்னும் அதை மன்னிக்கவில்லை.

தொடர் முடிந்ததும் வாசகர்கள் கல்கிக்குக் கேள்வி மேல் கேள்வியாக எழுதினார்கள். அவர் என்ன ஆனாள், இவன் என்ன ஆனான், கல்யாணம் ஆயிற்றா இல்லையா? முடிவுரை ஒன்று எழுதி, கதாபாத்திரங்களுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்று பொறுமையாகப் பதில் சொன்னார். அதே 1954 டிசம்பர் 5-ம் தேதி கல்கி காலமானார். இனிமேல் யாரும் அவரிடம் கேட்க முடியாது என்பதும் அந்த ஊகங்கள் இன்றுவரை உயிரோடிருக்க ஒரு காரணம்.

2022 செப்டம்பர் 30-ல் மணிரத்னத்தின் முதல் பாகம், 2023 ஏப்ரல் 28-ல் இரண்டாம் பாகம். நடுவில் ஏழு மாதம். நாவலே படிக்காத பிள்ளைகள் அந்த ஏழு மாதத்தில் ஐந்து பாகத்தையும் ஆடியோ புத்தகமாகக் கேட்டு முடித்ததை நாமே பார்த்தோம். படம் எல்லாக் கதவையும் திறந்துவைத்துவிட்டுப் போக முடியாது. இரண்டே முக்கால் மணி நேரத்தில் திரையில் ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும். காட்டினார்கள். சேந்தன் அமுதன் மகுடம் சூடும் திருப்பத்தை எடுத்தே விட்டார்கள். தியேட்டரைவிட்டு வெளியே வந்த நாவல் வாசகர்கள் பாதிப் பேர் முகத்தில், கல்யாண வீட்டில் பாயசம் இல்லை என்று தெரிந்தவர்களின் களை. மணிரத்னம் செய்ததில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் அந்தத் திருப்பம் இல்லாத கதையில் 'தியாகம்' என்ற சொல் பாதி எடைதான் நிற்கிறது.

மேலே இருப்பவன் ஜெயிக்கட்டும்

இப்போது பாரிக்கு வரலாம். சு.வெங்கடேசனின் 'வேள்பாரி' ஆனந்த விகடனில் 2016 முதல் 2018 வரை நூறு வாரங்களுக்கும் மேல் ஓடியது. படம் வரைந்தவர் மணியம் செல்வன், 'பொன்னியின் செல்வ'னுக்கு வரைந்த மணியத்தின் மகன். அப்பா வரைந்த தொடரில் கடைசியில் சாகப்போவது யார் என்று தெரியும், கொன்றது யார் என்று தெரியாது. மகன் வரைந்த தொடரில் இரண்டுமே தெரியும். முதல் வாரம் நீலனோடு கபிலர் மலையேறும்போதே, இந்தக் கிழவர் எந்தக் கோலத்தில் இறங்கப்போகிறார் என்பது நமக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் படித்தோம். மகாபாரதத்தின் முடிவு தெரிந்தேதானே ஜெயமோகனின் 'வெண்முரசை' 2014-லிருந்து 2020 வரை இருபத்தாறு நாவல்களாக ஒரு கூட்டம் நாள்தோறும் படித்தது!

ஆனால் 'வேள்பாரி'யில் வேறொன்று நடந்தது. தட்டியங்காட்டுப் போர் நெருங்க நெருங்க, படித்தவர்கள் எல்லாரும் உள்ளுக்குள் ஒரே வேண்டுதலோடு அடுத்த வாரத்தைத் திறந்தார்கள். வெங்கடேசன் பாரியின் சாவை எழுதவில்லை. மூவேந்தரின் படையைப் பரம்பு வென்றதோடு நிறுத்திவிட்டார். அது ஏமாற்று வேலை, வாசகருக்குப் பிடித்ததைக் கொடுத்து நழுவிவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு.

நான் அந்தக் கட்சி இல்லை. புறநானூற்றை எடுத்துப் பாருங்கள். முற்றுகையிட்ட வேந்தர்களைப் பார்த்து, படையால் இந்த மலையைப் பிடிக்க முடியாது, பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் கேட்டு வந்தால் அவனே கொடுத்துவிடுவான் என்று கபிலர் கேலி செய்யும் பாட்டு இருக்கிறது. பாரி இல்லாமல் போன பிறகு அவன் பெண்கள் அழும் பாட்டும், கபிலர் மலையைத் திரும்பிப் பார்க்கும் பாட்டும் இருக்கின்றன. நடுவில் அவன் எப்படி விழுந்தான் என்ற காட்சி மட்டும் இல்லை. வஞ்சகத்தால் கொன்றார்கள் என்று நாம் எல்லாரும் சொல்கிறோம், அந்த வஞ்சகம் என்னவென்று அங்கே ஒரு வரி கிடையாது. முன்னால் ஒரு பாட்டு, பின்னால் ஒரு பாட்டு, இடையில் மௌனம். அந்த மௌனத்துக்கு முந்தின படியில் நாவல் நின்றுகொண்டது. நழுவியவர்கள் செய்வது அதுவல்ல. மூலம் எங்கே பேச்சை நிறுத்தியதோ அங்கேயே தானும் நிறுத்தியிருக்கிறது.

மலையடிவாரத்தில் இருந்து படிக்கும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கீழே இருக்கும் மூன்று பெரிய அரசுகள், மேலே ஒரு சின்ன மலை. மரமும் மிருகமும் அவனுக்குத் தெரியும், கீழே இருப்பவர்களுக்கு அதன் விலை தெரியும். நகரத்தில் படிப்பவருக்கு அது மாயாஜாலக் கதையாக இருக்கலாம். சந்தன மரம் போன கதையைக் கேட்டு வளர்ந்த ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. 2023 மே மாதம், எங்கள் அணைக்கட்டு தாலுகாவிலேயே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லாததால் நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர்க்க முடியாமல் குழந்தை இறந்தது. உடலையும் தாய் தூக்கிக்கொண்டு நடந்தே மலையேற வேண்டியிருந்தது. நாடே பார்த்த செய்தி. மலைக்காரன் தோற்கிற கதையை அங்கே யாரும் புதிதாக எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மேலேயிருந்து இறங்கி வந்து படிக்கும் பையன்கள் 'வேள்பாரி'யைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஒரு கதையிலாவது அவன் ஜெயித்துவிட்டுப் போகட்டுமே என்கிறார்கள். இதையும் ரசிகர் ஊகம் என்ற கணக்கில் சேர்ப்பீர்களானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷங்கரிடம்தான் இப்போது பந்து இருக்கிறது. 2024 செப்டம்பரில், 'வேள்பாரி'யின் உரிமை தன்னிடம் இருப்பதாகவும், அதன் முக்கியக் காட்சிகள் அனுமதியில்லாமல் வேறு படங்களில் வருவது வருத்தமளிப்பதாகவும் அவரே பதிவு போட்டார். 2025 ஜூலையில் நாவல் ஒரு லட்சம் பிரதி விற்றதற்குச் சென்னையில் விழா. ரஜினிகாந்த் வந்தார், ஷங்கரும் மேடையில் இருந்தார். அன்றிலிருந்து ஊகம் சூடு பிடித்துவிட்டது. 'பாகுபலி'யில் 'கட்டப்பா ஏன் கொன்றான்?' என்ற ஒற்றைக் கேள்வி 2015-லிருந்து 2017 வரை நாட்டையே உட்காரவைத்ததை சினிமாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'பாரியைக் கொன்ற வஞ்சகம் எது?' என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஒரு பாகத்தின் கடைசியில் தொங்கவிட அருமையான கொக்கி. அந்த ஆசைதான் எனக்குப் பயம். அந்த மௌனத்துக்குள் கேமராவைக் கொண்டுபோனால், துரோகி ஒருவனைப் புதிதாகச் செய்தாக வேண்டும். முதுகில் பாயும் ஈட்டி, மழை, ஸ்லோ மோஷன் எல்லாம் பின்னாலேயே வரும்.

என் கணக்கைக் கேட்டால் இதுதான்: போரில் பரம்பு ஜெயிக்கும். திரை இருளும். மறுபடி வெளிச்சம் வரும்போது முழு நிலா. கபிலர் முன்னால் நடக்க, பின்னால் இரண்டு பெண்கள் மலையிறங்குவார்கள். நடுவில் என்ன நடந்தது என்று ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இப்படித்தான் எடுப்பார்கள் என்று ஆயிரம் ரூபாய் பந்தயம் கட்ட நான் தயார். ஆனால் இது கணிப்பா, மனுவா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.